மாடி வீட்டுக் காவலாள்

அடுத்தவர்கள் கையெழுத்துப் போட்ட தாள்களைப் படிப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் கையெழுத்துப் போட்ட தாளை நான் படிக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆயிற்று. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் இருப்பதால் கோபப்படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோபப்படாமல் இதை எழுத எனக்குத் தெரியாது. எழுதிவிட்டு மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

தஞ்சாவூரில் குத்தகைப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஆட்சி மாறி, உழுகிறவனுக்கு உரிமை என்று மேடைக்கு மேடை பேசி, சட்டமும் வந்துவிட்டிருந்த நேரம். ஒரு நிலத்தை இன்னார்தான் குத்தகைக்கு எடுத்து உழுகிறார் என்று எங்கள் பதிவேட்டில் ஏறிவிட்டால், மிராசுதார் நினைத்த நாளில் அவரை நிலத்தை விட்டு இறக்க முடியாது. அதனால் எங்கள் ஆபீஸ் வாசலில் தினமும் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் மனுவோடு சாகுபடிக்காரர்கள். இன்னொரு பக்கம் வக்கீலோடு மிராசுதார்கள். ஊர்களில் அடிதடி, வைக்கோல் போருக்குத் தீ, போலீஸ் காவலில் அறுவடை.

மிராசுதார்கள் சும்மா இருக்கவில்லை. "இவர் குத்தகைதாரரே இல்லை, என்னுடைய பண்ணையாள், கூலிக்கு வேலை செய்தார்" என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அதில் சாகுபடிக்காரரின் கைநாட்டு இருக்கும். களத்தில் நெல் அளக்கிற நேரத்தில், "இதுல ஒரு விரலை வச்சிட்டு உன் பங்கை அள்ளிக்க" என்றால் யார் வைக்கமாட்டார்கள்? என் வேலை அந்தத் தாள்களைப் படித்து அதிகாரிக்குக் குறிப்பு எழுதுவது. கூடவே, யாரும் கேட்காமல் நானாகச் செய்துகொண்ட வேலை ஒன்று இருந்தது. கைநாட்டு வைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டுவேன். "படிக்கத் தெரியலைன்னா படிச்சவன்கிட்ட காட்டக் கூடாதா? கண்ணை மூடிக்கிட்டா விரலை நீட்டுவீங்க?" இப்படி நான் பேசும்போது நடுவே தொண்டையைச் செருமிக்கொள்வேன் என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்லியிருக்கிறார்.

அப்போது நானும் மனைவியும் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறையில் குடியிருந்தோம். அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியை, ஐந்து மாதக் கர்ப்பம். தண்ணீர் தெருக்குழாயில். கக்கூஸ் நான்கு குடும்பத்துக்குப் பொது. பிள்ளை பிறப்பதற்குள் வேறு வீடு பார்த்தாக வேண்டும். ஒரு வீட்டில் கறி சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள். அடுத்த வீட்டில் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் என்ன ஆளுங்க என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள்ளேயே வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்றார்கள்.

கடைசியில் மருத்துவக் கல்லூரிப் பக்கம் புதிதாகக் கட்டிய மாடிப் போர்ஷன் ஒன்று அமைந்தது. இரண்டு அறை, சமையலறை, தனிக் கக்கூஸ், உள்ளேயே குழாய். மனைவி குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழுவதைப் பார்த்தபடி நின்றாள். மூடினாள். மறுபடி திறந்தாள். நான் பக்கத்தில் நின்று, என்னவோ காவிரியையே கொண்டுவந்துவிட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் கீழ்ப்பகுதியில் இருந்தார். ஒரத்தநாட்டுப் பக்கம் நிலம் உள்ள மிராசுதார், பிள்ளைகளின் படிப்புக்காக டவுனுக்கு வந்தவர். என் ஜாதியைக் கேட்கவில்லை, கட்சியைக் கேட்கவில்லை, எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்டார். குத்தகைப் பதிவு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வாடகையையும் அவராகவே குறைத்தார். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை காலை வரச் சொன்னார். போனபோது மணி பத்தே கால். இட்லி, வடை, காபி. பிறகு ஊதா மையில் எழுதிய இரண்டு முழுத் தாள்களை எடுத்து வைத்தார். நான் முதல் வரியில் கண்ணை வைத்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும் தம்பி. படிக்கறதுன்னா தாராளமா படிங்க, பன்னெண்டு மணிக்கு மேல போட்டுக்கலாம். எனக்கு இதுலல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. புள்ளத்தாச்சி வர்ற வீடாச்சேன்னு சொன்னேன்."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்களுடையது சீர்திருத்தக் கல்யாணம். ஐயர் இல்லை, ஹோமம் இல்லை. அதிலும் நான் பிடிவாதமாக ராகு காலத்தில்தான் மாலை மாற்றுவேன் என்று நின்றவன். என் மாமனார் அந்த ஒன்றரை மணி நேரமும் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார். அப்படிப்பட்ட வீரன், "புள்ளத்தாச்சி" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து, பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். பத்து இருபத்தெட்டு. இரண்டு நிமிஷம் மிச்சம் பிடித்த பெருமை வேறு. முன்பணம் அவரிடம் போயிற்று, ஒரு தாளும் சாவியும் என்னிடம் வந்தன. அடுத்த வியாழக்கிழமை பால் காய்ச்சிக் குடிவருவதாகப் பேச்சு.

அன்று சாயங்காலம் மனைவி தாளைக் கேட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் குரலில் சத்தமாகப் படித்தாள்.

"'மேற்படி வீட்டின் மாடியில் காவலாளாகத் தங்கிக்கொள்ள நான் மனமுவந்து சம்மதித்து...' ஏங்க, காவலாளுன்னா யாரு?"

"சட்ட பாஷை. அப்படித்தான் எழுதுவாங்க" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"'சம்பளத்துக்குப் பதிலாகத் தங்குமிடம் பெற்றுக்கொண்டு, மாதாமாதம் நான் அன்பளிப்பாகத் தரும் தொகை எக்காலத்திலும் வாடகை ஆகாது என்றும், முதலாளி சொன்ன அன்றே காலி செய்து...' முதலாளியா? 'என் மனைவி தினசரி வாசல் பெருக்கித் தெளித்து, வீட்டுக்கு வேண்டிய சில்லறை வேலைகளைச் செய்து...'"

அவள் நிறுத்தினாள். தாளை மடித்தாள். மறுபடி பிரித்து அந்த வரியை மௌனமாக இன்னொரு தரம் படித்தாள்.

"இதைப் படிச்சுட்டுத்தான் போட்டீங்களா?"

படித்துவிட்டுப் போட்டேன் என்றால் அயோக்கியன். படிக்காமல் போட்டேன் என்றால் முட்டாள். கொஞ்ச நேரம் யோசித்து முட்டாளையே தேர்ந்தெடுத்தேன்.

"ராகு காலம் வந்துடும்னாரு..."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கப்பாவை வெயில்ல நிக்க வச்சீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடிப்போய்க் குடத்தை வாங்கப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் புது ஃபைல் ஒன்று என் மேஜைக்கு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தர் லீவில் போய்விட்டாராம், வெள்ளிக்கிழமை விசாரணை. மனு போட்டவர் ஒரத்தநாட்டுப் பக்கத்துச் சாகுபடிக்காரர், அறுபது வயதிருக்கும், புதாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர். இருபது வருஷமாகக் குத்தகைக்கு உழுவதாகச் சொல்கிறார். எதிர்த்தரப்பு கொடுத்திருந்த தாளைப் பிரித்தேன். ஊதா மை. அதே கை. 'பண்ணையாளாக இருந்துகொள்ள நான் மனமுவந்து சம்மதித்து...' 'கூலிக்குப் பதிலாக...' 'முதலாளி சொன்ன அன்றே...' கீழே கைநாட்டு. எதிர்த்தரப்பின் பெயரைப் பார்த்தேன். கீழ் வீட்டில் எனக்கு இட்லி போட்ட மனிதர்.

பெரியவரே அன்று ஆபீசுக்கு வந்திருந்தார். எனக்கு அவரை முன்பே தெரியும். ஒருமுறை அவரையும் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்.

"இந்தத் தாள்ல எப்பங்க கைநாட்டு வச்சீங்க?" என்று கேட்டேன்.

"களத்துலதான் தம்பி. மழை கட்டிக்கிட்டு நிக்குது. நெல்லு அம்பாரமா கெடக்குது. இதுல வையி, அளந்து அனுப்பறேன்னாரு. எனக்கு மட்டும் இல்லீங்க, ஊருல அவருகிட்ட உழுவுற அத்தனை பேருகிட்டயும் இதே தாளுதான். போன தடவ வந்தப்பவும் சொன்னேன்."

"அத்தனை பேர்ல ஒருத்தராவது வந்து சாட்சி சொல்லுவாங்களா?"

"சொன்னா அடுத்த போகம் உழுவ வேணாமா?"

எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. அவர் நெல் நனைந்துவிடும் என்று வைத்தார். நான் வெறும் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டேன். சட்டைப்பையில் அந்த வீட்டுச் சாவி குத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நேராக வீட்டுக்காரரிடம் போனேன். வழியெல்லாம் சைக்கிள் மிதித்தபடியே பேச்சைத் தயாரித்தேன். நல்ல பேச்சு. அடுக்குமொழிகூட இருந்தது. அவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வீடு வேணாம்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். ஒப்பந்தத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"ஏன் தம்பி, அதுக்குள்ள பல்லி எதுவும் மேல விழுந்துடுச்சா?"

"காவலாளுன்னு எழுதியிருக்கீங்க."

"எழுத்துதானே. கையில கம்பைக் குடுத்து வாசல்ல நிக்கச் சொன்னனா?"

"வாடகைன்னே எழுதியிருக்கலாமே."

"வாடகைன்னு எழுதுனா நாளைக்கு எந்திரிக்க மாட்டேம்பீங்க. உங்க ஆபீஸ் கத்துக்குடுத்த பாடம்தான். எட்டு ஏக்கர் போச்சு தம்பி எனக்கு. ஒருத்தனை நல்லவன்னு நம்பித்தான் குத்தகைக்கு விட்டேன், பதிஞ்சுக்கிட்டு போயிட்டான்." சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அது நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. பிறகு பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை ஒரு ஃபைல் வருதாமே. உங்ககிட்டதான் இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

என் கை சட்டைப்பையில் இருந்த சாவிக்குப் போயிற்று.

"நான் ஒண்ணும் கேக்கலை. நீங்களே நினைச்சுப் பாருங்க. அவன் வச்ச கைநாட்டு செல்லாதுன்னு நீங்க குறிப்பு எழுதுனா, நீங்க போட்ட கையெழுத்தும் செல்லாது, வீடும் கிடையாது. செல்லும்னு எழுதுனா அப்படியே இருந்துட்டுப் போங்க, பச்சப் புள்ளையோட நல்ல வீட்டுல இருங்க. வேற மாதிரி எழுதுனீங்கன்னா, என் வீட்டுக் காவலாளு என் ஃபைலையே பாத்திருக்காருன்னு உங்க பெரிய ஆபீசருக்கு நான் ஒரு நகல் அனுப்ப வேண்டியிருக்கும். வேலைக்கு ஏதாவது ஆயிடப்போவுது பாருங்க."

இதை அவர் மோர் சாப்பிடுங்க என்று சொல்கிற குரலில் சொன்னார். மோரும் வந்தது. என் அடுக்குமொழிப் பேச்சில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. சாவியை அவர் பேப்பர் மேல் வைத்தேன். "சரிங்க" என்றேன். இதற்குத்தான் மூன்று மைல் ஒத்திகை. விடுவிடுவென்று வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சைக்கிளை மிதித்தேன். பெரிய கோயில் தாண்டிய பிறகுதான் காலில் இருந்தது அவருடைய செருப்பு என்று தெரிந்தது. நல்ல தோல். திரும்பிப் போக மானம் விடவில்லை.

மறுநாள் அதிகாரி முன்னால் போய் நின்றேன். என் தாளையும் ஃபைலில் இருந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்டிப்பானவர், யாரிடமும் காபிகூடக் குடிக்காதவர். இரண்டையும் படித்தார்.

"உம்ம கையெழுத்துதானா?"

"ஆமாங்க சார்."

"படிச்சீரா?"

"இப்ப படிச்சுட்டேன் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஃபைலை என்னிடமிருந்து எடுத்து வேறு எழுத்தரிடம் கொடுக்கச் சொன்னார். என்னை வெள்ளிக்கிழமை சாட்சியாக வரச் சொன்னார். ஒரு தரப்பிடம் வீடு பேசியதை முன்கூட்டித் தெரிவிக்காததற்கு விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்தார். அந்த மெமோவை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

விஷயம் மிராசுதாருக்குப் போகாமல் இருக்குமா? புதன்கிழமை சாயங்காலம் எங்கள் ஒற்றை அறை வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு பூவன்பழம். காலில் என்னுடைய பழைய ரப்பர் செருப்பு.

"செருப்பு மாறிப்போச்சு தம்பி, அதான் வந்தேன்" என்று உள்ளே வந்து, உட்கார வேறு இடமில்லாததால் கட்டிலில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துப் பேசினார். "அம்மா, இந்தப் பொந்துல பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடறேன். வாடகைன்னே முத்திரைத் தாள்ல எழுதித் தரேன், மூணு வருஷத்துக்கு. தம்பி வெள்ளிக்கிழமை வந்து, நாங்க ரெண்டு பேரும் சும்மா விளையாட்டுக்கு எழுதிக்கிட்டோம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முதலில் வந்தது ஆசை. அதை மறைத்து எழுதினால் இந்த மாத்திரைகளுக்கு அர்த்தமில்லை. முத்திரைத் தாள், மூன்று வருஷம், உள்ளே குழாய். மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"நல்ல வீடுங்க அது. வந்து பாத்ததுலேருந்து அந்தக் குழாய் என் காதுலேயே ஊத்திக்கிட்டு இருக்கு" என்றாள்.

"அப்புறமென்னம்மா."

"வாசல் பெருக்கறதெல்லாம் யாரு எழுதச் சொன்னது? நீங்களா, எழுதுனவரா?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "எல்லாத் தாள்லயும் வர்றதும்மா அது. பழைய தாளைப் பாத்து அப்படியே எழுதிட்டான்."

"அப்ப எல்லாரு பொண்டாட்டியும்தான் பெருக்கறாங்க." அவள் பழத்தை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "செருப்பு வெளியிலதான் இருக்கு. பாத்துப் போட்டுக்கிட்டுப் போங்க."

அவர் போன பிறகு அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லப் போய், "முன்பணமும் போச்சு" என்று ஏதோ உளறினேன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை விசாரணை. தினமும் நான் திட்டுகிறவர்களை எந்த இடத்தில் நிறுத்துவேனோ, அதே இடத்தில் என்னை நிறுத்தினார்கள். பெஞ்சில் பெரியவர், எதிரே மிராசுதார். சன்னல் பக்கம் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வேலையே இல்லாதவர்கள் போல நின்றார்கள். மிராசுதாரின் வக்கீல் எழுந்தார்.

"நீங்க படிச்சவர்தானே?"

"ஆமாங்க."

"உங்களை யாராவது கட்டாயப்படுத்துனாங்களா? மிரட்டுனாங்களா?"

"இல்லைங்க. வடை போட்டாங்க."

"அப்ப ஏன் படிக்காமக் கையெழுத்துப் போட்டீங்க?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

"ராகு காலம் ஆரம்பிக்க ரெண்டு நிமிஷம்தான் இருந்துச்சுங்க."

சன்னல் பக்கம் சிரிப்பு வெடித்தது. என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவர்கள். பக்கத்து மேஜைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதிகாரியே தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல்கூடச் சிரித்துவிட்டு, சிரித்தது தன் கட்சிக்காரருக்கு நல்லதில்லை என்று தாமதமாகத் தெரிந்து உட்கார்ந்தார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

அதிகாரி இரண்டு தாளையும் மறுபடி பார்த்தார். டவுனில் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்த அரசாங்க எழுத்தரையும் வயலில் உழுகிறவரையும் ஒரே வாசகத்தில் வேலையாளாக எழுதி வாங்கியிருப்பதால் அந்தக் கைநாட்டுத் தாளை நம்புவதற்கில்லை என்றார். பெரியவரைக் குத்தகைதாரராகப் பதியச் சொன்னார். மிராசுதார் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். மேல்முறையீடு செய்தார், அது வேறு கதை, அதிலும் தோற்றார்.

பெரியவர் வெளியே மரத்தடியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். நன்றி சொல்வார், 'அதெல்லாம் என்னங்க பெரியவரே' என்று சொல்லலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்" என்றேன்.

"வேணாம் தம்பி." துண்டைச் சரிசெய்துகொண்டார். "நாலு தடவ பஸ் ஏறி வந்தேன். ஊருல எல்லாருகிட்டயும் இப்படித்தான் எழுதி வாங்குறாருன்னு நாலு தடவயும் சொன்னேன். ஒருத்தரும் எழுதிக்கலை. நீங்க ஒரு தடவ போட்டீங்க, உடனே நம்பிட்டாங்க."

"சட்டப்படி சாட்சி வேணும்ல..."

"நான் யாரு தம்பி, சாட்சி இல்லையா?"

ஒரத்தநாட்டு பஸ் வருகிற நேரம் என்று நடந்துவிட்டார். அவர் என்மேல்தான் கோபமாகப் போனார். அந்தக் கோபத்தில் ஒரு பிழையும் இல்லை. எல்லாக் கைநாட்டுக்காரர்களையும் முட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டு, அவர்கள் வாயால் சொன்னதை ஒரு நாளும் குறிப்பில் எழுதாதவன் நான்தான்.

மேலே போய் என் மேஜையில் உட்கார்ந்தேன். அடுத்த மனுக்காரர் வரிசையில் நின்றிருந்தார். கைநாட்டு வைத்தவர். தலையைக் குனிந்து, திட்டு வாங்கத் தயாராகவே வந்திருந்தார்.

"உட்காருங்க. எப்ப வச்சீங்க, எங்க வச்சீங்க, யாரு பக்கத்துல இருந்தாங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க. எழுதிக்கறேன்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது தரம் சொன்ன பிறகுதான், நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்கிறவர் போல உட்கார்ந்தார்.